நாற்பது வளைவும் முப்பது மீட்டரும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் சமவெளி முடிந்து மலை எழுகிறது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. அட்டகட்டி, வாட்டர்பால்ஸ், கவர்க்கல் என்று ஏறி ரொட்டிக்கடை தாண்டி ஊருக்குள் நுழையும்போது சுமார் 3,500 அடி உயரத்துக்கு வந்திருப்போம்.

இதே சாலையில் பின்சக்கரத்தின் இருபுறமும் துணைச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் ஏறுகிறவரின் பயணம் வேறு மாதிரியானது. சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும். துணைச்சக்கரம் சாய விடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை மட்டும் உள்பக்கம் சாய்த்து, தோளின் பலத்தில் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இறக்கத்தில் கியர் இல்லாத வண்டியைக் கீழ்க்கியரில் போட்டு அடக்க வழியில்லை. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கத் தெரியாதவருக்குப் பாதி மலையிலேயே பிரேக் சூடேறிவிடும். கையால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் இயக்கும் காரில் வருகிறவருக்கோ ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை நெம்புகோலில். இரண்டும் பழகினால் வரும் வித்தைதான். கால் செய்ய வேண்டியதைக் கை செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கு நாற்பது வளைவும் கடக்கக்கூடியவையே.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. வால்பாறை நகரம் ஒரே பிரதான சாலையின் இருபுறமும் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. கடை, வங்கி, பேருந்து நிலையம், அரசு அலுவலகம் எல்லாம் அந்தச் சாலையிலோ அதிலிருந்து ஏறி இறங்கும் படிகளிலோதான். விடுமுறை நாளில் சாலையோரம் முழுக்கச் சுற்றுலா வண்டிகள். நாற்பது வளைவுகளைத் தன் கையால் கடந்து வந்தவர் இங்கே வண்டியை எங்கே நிறுத்துவார்? நிறுத்தினாலும் அங்கிருந்து வாசல் வரை எப்படிப் போவார்?

இந்தக் கேள்விக்கு நம் சட்டங்களில் ஒரு எண் இருக்கிறது: முப்பது மீட்டர். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள், பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென இரண்டு கார் நிறுத்துமிடங்களை நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் ஒதுக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கின்றன. காரின் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை விரித்து, இருக்கையிலிருந்து அதற்கு மாறத் தேவைப்படும் இடத்தைக் கணக்கிட்டு வந்த அளவு அது. மலையேறி வந்தவரின் பயணம் முழுமை பெறுவதும் பாதியில் முறிவதும் இந்த முப்பது மீட்டரில்தான்.

மாற்றுத்திறனாளி ஓட்டுநர்களுக்கு நம் நாட்டில் கிடைக்கும் சலுகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வண்டி வாங்க, பதிவு செய்ய, ஓட்டிச் செல்லச் சலுகைகள் உண்டு. நிறுத்துவதற்கு மட்டும் அநேகமாக எதுவும் இல்லை. ஏன் இப்படி ஆனது என்பதற்கான விடையைத் தேடினால் ஒரு பழைய சொல்லில் போய் முட்டுவோம்.

‘செல்லாத’ வண்டி

பழைய ஆர்.சி. புத்தகங்களில் துணைச்சக்கர ஸ்கூட்டரின் வகையைக் குறிக்கும் இடத்தில் ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று இருக்கும். ஊனமுற்றவரின் வண்டி என்று பொருள். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்களுக்கு ‘செல்லாத’ என்றும் பொருள் உண்டு. இந்தச் சொல்லாட்சி பிரிட்டிஷ் போக்குவரத்துச் சட்டத்திலிருந்து இங்கே வந்தது.

பிரிட்டனில் அந்தப் பெயருக்கு உரிய வண்டி நிஜமாகவே இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அரசு மருத்துவத் துறை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கிய, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, வெளிர்நீல நிற மூன்று சக்கர வண்டி அது. ‘இன்வாகார்’ என்பது அவற்றுள் பெயர்பெற்றது. காற்றடித்தால் தடுமாறும், உடன் ஒருவரை ஏற்ற முடியாது என்ற குறைகளோடு பல பத்தாண்டுகள் ஓடி, 2003இல் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சாலையிலிருந்து அகற்றப்பட்டது.

நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அந்த வரையறையையே எடுத்துக்கொண்டது. உடற்குறை உள்ளவரின் பயன்பாட்டுக்கென்றே வடிவமைத்துக் கட்டப்பட்டதாக வண்டி இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைக்கப்பட்டது என்றால் போதாது. அவரால் அல்லது அவருக்காக மட்டுமே அது பயன்பட வேண்டும். இங்கே வேடிக்கை என்னவென்றால், சட்டம் விவரித்த வண்டி இந்தியச் சாலைகளில் அநேகமாக ஓடவில்லை. ஓடியதெல்லாம் கடையில் வாங்கிய மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் பட்டறையில் துணைச்சக்கரம் வைத்துப் பற்றவைத்த வண்டிகள். சட்டம் எதை ‘போதாது’ என்றதோ அதுவேதான் இங்கே மாற்றுத்திறனாளியின் வண்டியாக இருந்தது. அதிகாரிகள் நடைமுறையில் அதையும் அதே பெயரில் பதிவு செய்தார்கள். சட்டத்துக்கும் சாலைக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒவ்வொரு அலுவலரின் மனசாட்சியோ மனநிலையோ நிரப்பிக்கொண்டிருந்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சரிசெய்தது. ‘இன்வாலிட் கேரேஜ்’ போய், ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ என்ற சொல் வந்தது. சிறப்பாக வடிவமைத்த வண்டி, உரிய அனுமதியோடு மாற்றியமைத்த வண்டி, இரண்டுமே இதில் அடங்கும். ஓட்டுநர் உரிமத்திலும் இதே பெயரில் ஒரு வகை உண்டு. 2020 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவுக்கான 20ஆம் எண் படிவத்தையும் திருத்தியது. வண்டியின் உரிமையாளர் மாற்றுத்திறனாளியா, ஜி.எஸ்.டி. சலுகை பெற்றவரா, பெறாதவரா என்பது அதில் தனியாகப் பதிவாகிறது.

சொல் மாறியது நல்லது. ஆனால் ஒன்று மாறவில்லை. சட்டத்தின் கண் இன்னமும் வண்டியின் மீதுதான் இருக்கிறது. ஓட்டுகிறவர் மீது அல்ல. இடது காலில் மட்டும் பலவீனம் உள்ள ஒருவர் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை எந்த மாற்றமும் இல்லாமலே ஓட்டலாம். அவருடைய கார் தகவமைக்கப்பட்டது அல்ல. ஆகவே வண்டியைப் பார்த்துத் தரப்படும் சலுகைகளுக்கு வெளியே அவர் நிற்கிறார். இறங்கி நடக்கும்போது அவருக்கு இருக்கும் வலி, ஆர்.சி. புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் இல்லை. தசைச்சிதைவு உள்ள மகனை மருத்துவமனைக்கு அழைத்துவரும் தகப்பனின் நிலையும் இதுவே.

வாங்கும்போது

சலுகைகளின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. கைகள் நன்றாக இயங்கி, கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே விலையின்றித் தருகிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளின் படத்தை நாளிதழ்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. மாற்றுத்திறனாளிக்கெனத் தகவமைத்த வண்டிக்கு மாநில வாகன வரியில் விலக்கு உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளும் இத்தகைய வண்டிகளுக்கு விலக்களிக்கின்றன. அதற்கு ஆர்.சி.யில் வகை சரியாகப் பதிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் சுங்கச்சாவடியில் செல்லாது. ஆனால் வால்பாறைச் சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது என்பதால் இந்த மலையில் அந்த விலக்குக்கு வேலையும் இல்லை.

கார் வாங்குவோருக்கு ஜி.எஸ்.டி.யில் ஒரு சலுகை இருந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ எலும்பு, மூட்டு சார்ந்த இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ் பெற்றால் சிறிய காரை 18 சதவீத வரியில் வாங்கலாம், மேல்வரி கிடையாது. காரின் நீளம் 4 மீட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மிகக்கூடாது, ஐந்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது. மற்றவர்கள் அதே பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் மேல்வரி ஒரு சதவீதமும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான வரி எல்லோருக்கும் 18 சதவீதமாகக் குறைந்தது. நாட்டுக்கு அது நல்ல செய்தி. மாற்றுத்திறனாளிக்கு மட்டும் அதுவரை இருந்த வேறுபாடு அன்றோடு மறைந்தது. கையால் இயக்கும் கருவியைப் பொருத்த அவர் செய்யும் கூடுதல் செலவு அப்படியே நிற்கிறது.

விலையிலும் வரியிலும் கழித்துத் தருவதுதான் ‘சலுகை’ என்று நாம் பழகிவிட்டதன் விளைவு இது. எல்லோருக்கும் விலை குறையும் நாளில் அந்தச் சலுகை காற்றில் கரைந்துவிடும். வாசலுக்குப் பக்கத்தில் ஒதுக்கிய இடம் அப்படிக் கரையாது.

வால்பாறைக்காரருக்கு இந்தச் சலுகைகளைப் பெறுவதே ஒரு மலைப்பயணம். இங்கே பதிவாகும் வண்டிகள் பொள்ளாச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. மாவட்டத் தலைமையிடமான கோயம்புத்தூர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஊனச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, உரிமம், வண்டியை மாற்றியமைக்க அனுமதி, திரும்பப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து பேருந்துப் படியில் ஏற முடியாமல்தான் ஒருவர் ஸ்கூட்டர் கேட்கிறார். அந்த ஸ்கூட்டருக்கான காகிதங்களுக்காக அதே பேருந்துப் படியில் எத்தனையோ முறை அவர் ஏற வேண்டியிருக்கிறது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன்வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். கட்டணத்தை நீக்குவது அரசாணையால் முடியும். படியின் உயரத்தைக் குறைக்க வேறு பேருந்துதான் வேண்டும். அதனால்தான் சொந்த வண்டி மலைவாழ் மாற்றுத்திறனாளிக்கு வசதிப்பொருள் அல்ல. அதுவே அவருடைய கால்.

நிறுத்தும்போது

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு போக்குவரத்து பற்றியது. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வாகன நிறுத்துமிடமும் கழிப்பறையும் பயணச்சீட்டு முகப்பும் அணுகத்தக்கவையாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. தனிப்பட்ட நடமாட்டத்துக்கு உதவும் சலுகைகளையும் வாகன மாற்றத்தையும் கட்டுப்படியாகும் செலவில் செய்துதரவும் அதே பிரிவு சொல்கிறது. சலுகையும் நிறுத்துமிடமும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. நடைமுறையில் முதலாவது ஓடியது. இரண்டாவது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, இந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதியைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை அந்த விதி வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்பது நீதிமன்றத்தின் முடிவு. குறைந்தபட்சக் கட்டாயத் தரங்களைப் பிரித்தெடுத்து வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் தரப்பட்டது. ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்தாக வேண்டும்’ என்பதற்கும் நடுவிலுள்ள தூரம், நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் போன்றது. நடப்பவருக்கு அது பொருட்டில்லை. நடக்க முடியாதவருக்கு அதுதான் எல்லாம்.

இன்னொரு காரணம், நாடு முழுவதற்கும் பொதுவான நிறுத்த அனுமதி அட்டை என்ற ஒன்று இந்தியாவில் இல்லாதது. சக்கர நாற்காலிச் சின்னம் போட்ட ஸ்டிக்கரை எந்த ஆட்டோமொபைல் கடையிலும் வாங்கலாம். அந்தச் சின்னத்தை 1968இல் வரைந்தவர் சூசன் கூஃபோட் என்ற டென்மார்க் மாணவி. அவர் வரைந்தபோது நாற்காலி மட்டும்தான் இருந்தது. உட்கார்ந்திருப்பவரின் தலையைப் பிறகு கார்ல் மோன்டான் என்பவர் சேர்த்தார். நாற்காலிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் காட்ட ஒரு வட்டம் தேவைப்பட்டது. நம் சட்டத்தில் வண்டிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் காட்டும் அந்த வட்டம் இன்னும் வரையப்படவில்லை.

பிரிட்டனில் ஆல்ஃப்ரெட் மோரிஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் 1971இல் ‘ஆரஞ்சு அட்டை’ வந்தது. 2000இல் அது ‘நீல அட்டை’ ஆனது. அந்த அட்டை வண்டிக்குரியது அல்ல, மனிதருக்குரியது. தன் காரில் போனாலும், நண்பரின் காரில் போனாலும், டாக்சியில் போனாலும் அவர் அதை எடுத்துச் செல்லலாம். அவர் இல்லாதபோது அவருடைய குடும்பத்தார் அதைப் பயன்படுத்தினால் குற்றம். இங்கிலாந்தில் 2019இல் கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கும் தகுதி விரிவாக்கப்பட்டது. அங்கே தனியாகக் கட்டம் வரையாத இடத்திலும் இந்த அட்டை வேலை செய்யும். நிறுத்தக்கூடாது என்று மஞ்சள் கோடு போட்ட சாலையோரத்தில், இடைஞ்சல் இல்லாவிட்டால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிறுத்த அட்டைக்கு வழிவகுத்தது.

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் இன்னும் நுட்பமான ஏற்பாடு. தானே ஓட்டும் மாற்றுத்திறனாளிக்கு ஒரு வகை அட்டை; மாற்றுத்திறனாளியை ஏற்றிவரும் வண்டிக்கு இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் ஒதுக்கிய இடத்தில் ஒரு மணி நேரம்தான் நிறுத்தலாம். இறக்கிவிட்டு வண்டியை வேறிடம் கொண்டுபோகலாமே என்ற கணக்கு அது. மிகச் சிறிய தீவில் இடத்தின் அருமை தெரிந்தவர்கள் வகுத்த விதி. இடத்தின் அருமையில் வால்பாறை சிங்கப்பூருக்கு இளைத்ததல்ல.

மலையில் ஓர் இடம் என்பது

சமவெளிக்காக எழுதிய அளவுகளை மலையில் அப்படியே வரைந்தால் பயன்படாது. 3.6 மீட்டர் அகலத்தில் நீல வண்ணம் அடித்துவிட்டாலும், தரை சரிந்திருந்தால் திறந்த கார்க் கதவு தானே வந்து மோதும், விரித்த சக்கர நாற்காலி தானே உருளும். ஆகவே வால்பாறையில் முதல் தேவை அகலம் அல்ல, சமதளம். ஊரில் இருக்கும் சில சமமான இடங்கள் எவை என்று பார்த்து, அவற்றில் வாசலுக்குப் பக்கமானவற்றை ஒதுக்க வேண்டும். சமமான இடத்துக்கு அங்கே எப்போதும் போட்டி இருக்கும் என்பதால்தான் ஒதுக்கீடு தேவை.

துணைச்சக்கர ஸ்கூட்டரின் தேவை காரிலிருந்தும் வேறானது. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் கிடையாது. கால் ஊன்றிப் பின்னால் தள்ளவும் அவரால் முடியாது. வரிசையில் மூக்கை நுழைத்து நிறுத்தினால், வெளியே எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். “அண்ணா, வண்டியக் கொஞ்சம் பின்னால இழுத்து விடுங்க” என்று நாளுக்கு நான்கு முறை கேட்கத்தான் வேண்டுமென்றால், சொந்த வண்டி வைத்திருப்பதன் பாதிப் பொருள் போய்விடுகிறது. இந்த வண்டிக்கு வேண்டியது ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறும்படி சாலைக்கு இணையாக அமைந்த இடம். இருசக்கர வண்டி நிறுத்தத்தில் இரண்டு வண்டி நிற்கும் அகலத்தை இது எடுத்துக்கொள்ளும். “இது இரண்டு வண்டி இடம் அடைக்குது, அந்தப் பக்கம் போங்க” என்பதுதான் இவர்கள் அடிக்கடி கேட்கும் வாசகம். அந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் சரிவு.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஈரமான, பாசி படிந்த சரிவில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்கும். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தால் மறு கையில் குடை பிடிக்க முடியாது. இரு கையிலும் ஊன்றுகோல் என்றால் குடையே இல்லை. மழையில்லாத ஊரில் முப்பது மீட்டர் என்றால் வால்பாறையில் அது பத்தாகக் குறைய வேண்டும். இல்லையேல் மேலே கூரை வேண்டும்.

இதையெல்லாம் செய்ய எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்ற கேள்வி எப்போதும் எழும். 2011 கணக்கெடுப்பின்படி வால்பாறையின் மக்கள்தொகை 70 ஆயிரத்துக்குச் சற்று மேல். அதே கணக்கெடுப்பில் தமிழகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம். ஆனால் இந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. நிறுத்த இடமில்லாத ஊருக்கு அவர்கள் வருவதில்லை. உள்ளூரில் இருப்பவரும் கடைத்தெருவுக்கு மகனை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்துவிடுகிறார். வருகிறவர்களை எண்ணி இடம் ஒதுக்குவது என்றால் விடை எப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

போலியோ ஒழிந்துவிட்டதே, இனி தேவை குறையும் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. துணைச்சக்கர வண்டிக்கு முகம் கொடுத்த அந்தத் தலைமுறை முதுமையை நோக்கிப் போகிறது. தோளும் மணிக்கட்டும் தேய்ந்து, முன்பு நடந்த தூரத்தை இப்போது அதனால் நடக்க முடிவதில்லை. இன்னொரு பக்கம், சாலை விபத்தும் சர்க்கரை நோயால் காலிழப்பதும் பக்கவாதமும் புதியவர்களைச் சேர்க்கின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் பொறுப்பாக்கியது. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் தண்டுவடக் காயத்தோடோ இழந்த காலோடோதான் வீடு திரும்புகிறார்கள். உயிர் காத்த அரசு, அவர் மறுபடி வெளியே வரும் நாளையும் கணக்கில் வைக்க வேண்டாமா?

எண்ணத் தொடங்கிய மலை

2025 நவம்பர் 1 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, வால்பாறைக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. பொள்ளாச்சி வழியில் ஆழியாற்றிலும், கேரளத்திலிருந்து வரும் வழியில் சோலையாறு அணைப் பக்கமும் சோதனை. அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு; உள்ளூர்க்காரர் ஒருமுறை பதிந்தால் போதும். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்துவிட்டது.

இ-பாஸ் மீது பலருக்குப் பல குறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு ஊர் தனக்குள் வரும் ஒவ்வொரு வண்டியையும் முன்கூட்டியே அறியும் நிலைக்கு வந்திருப்பது சாதாரண விஷயமல்ல. அந்த வண்டி மாற்றுத்திறனாளிக்குரியதா என்ற தகவல் பதிவுப் படிவத்தில் ஏற்கெனவே ஏறுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையோ மனிதரைப் பற்றிய தகவலைத் தருகிறது. 40 முதல் 80 சதவீதம் வரை மஞ்சள் பட்டை, அதற்கு மேல் நீலப் பட்டை என்று பார்த்தவுடன் தெரியும்படி. வண்டியின் பதிவேடும் மனிதரின் அட்டையும் தனித்தனியே இருக்கின்றன. அவை சந்திக்கும் இடமாக இ-பாஸ் ஆகலாம். விண்ணப்பத்திலேயே அட்டை எண்ணைக் கேட்டு, அதில் நிறுத்த அனுமதியையும் சேர்த்துக் கொடுத்தால், நாட்டில் இல்லாத அட்டை ஒரு சிறு மலையூரில் முதலில் வந்துவிடும். உள்ளூர்க்காரரின் ஒருமுறைப் பதிவிலும் அதைச் சேர்க்கலாம். அட்டை மனிதரின் பெயரில் இருந்தால், தோட்டத்து ஜீப்பில் வந்தாலும் பக்கத்து வீட்டு ஆட்டோவில் வந்தாலும் அது அவரோடு வரும்.

கட்டம் வரைய இடமே இல்லாத பகுதிக்கு அட்டைக் கடிகார முறை பொருந்தும். வங்கி வாசலில், மருந்துக்கடை முன்னால், பேருந்து திரும்புவதற்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில், அட்டை உள்ளவருக்கு மட்டும் அரை மணி நேரம். இதற்குச் சிமென்ட்டும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். நகராட்சியும் போக்குவரத்துக் காவலரும் ஒரு முடிவுக்கு வந்தால் போதும். போலி ஸ்டிக்கர்களை என்ன செய்வது என்ற கவலைக்கும் இதுவே விடை. சரிபார்க்கக்கூடிய அட்டை வந்த பிறகுதான் ஸ்டிக்கர் செல்லாததாகும்.

வால்பாறைக்கு இப்படி யோசிப்பது புதிதல்ல. நகரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சாலையின் மேலே, மரத்துக்கு மரம் தொங்கும் பாலங்களைப் பார்க்கலாம். சோலைமந்திகள் கடப்பதற்காகக் கட்டியவை அவை. கிளைவழியாகவே வாழப் பழகிய குரங்குகள், காடு துண்டாகிச் சாலை குறுக்கே வந்ததும் தரையில் இறங்கி வண்டிகளில் அடிபட்டன. தரையில் நடக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று அவற்றிடம் யாரும் சொல்லவில்லை. அவற்றின் உடல் எப்படிப் போகுமோ அப்படியொரு வழியைச் சாலையில் அமைத்தார்கள். யானை நடமாட்டத்தைச் சொல்லும் சிவப்பு விளக்குகளை எஸ்டேட் சந்திப்புகளில் வைத்து, பார்த்தவர் கைப்பேசியிலிருந்தே அவற்றை எரியவிடும் முறையையும் இந்த ஊர்தான் நடத்திக்காட்டியது. யார் எந்த வழியாகப் போகிறார்கள் என்று கவனித்து அதற்கேற்பச் சாலையைத் திருத்துவது இங்கே உள்ள பழக்கம். அதை மனிதருக்கும் நீட்டினால் போதும்.

கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அதற்கும் இப்போது ஒரு வழி உண்டு. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க இடமளித்தன. நகராட்சி மன்றங்களுக்கும் அது பொருந்தும், வால்பாறையும் நகராட்சிதான். வாகன நிறுத்தம் நகராட்சி மன்றத்தின் தீர்மானத்துக்குள் அடங்கும் விஷயம். சென்னைக்கோ தில்லிக்கோ மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த உறுப்பினர் ஏதோ ஒரு எஸ்டேட்டிலிருந்து துணைச்சக்கர ஸ்கூட்டரில் கூட்டத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழை தூறுகிறது. மன்றத்தின் பொருள்நிரலில் வாகன நிறுத்தமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச உள்ளே போகும் முன், அவர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று பார்க்க வேண்டும். தீர்மானத்துக்கு வேண்டிய அளவுகள் எல்லாம் அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.